பதினான்காவது ரவுண்டு: ஒரு மரணமும் ஒரு விதியும்

இன்றைக்கு ஆண்களுக்கான எந்த உலகப் பட்டக் குத்துச்சண்டையை எடுத்துக்கொண்டாலும் அதிகபட்சம் 12 ரவுண்டுதான். 1982 வரைக்கும் அது 15. ஏன் குறைந்தது என்று குத்துச்சண்டை பார்க்கிற யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் ரே மன்சினியும் தென் கொரியாவின் டுக் கூ கிம்மும் மோதினார்கள். 14-வது ரவுண்டில் கிம் விழுந்தார், சில நாட்களில் இறந்தார், அதனால் ரவுண்டைக் குறைத்துவிட்டார்கள்.

இந்தப் பதில் பொய் இல்லை. ஆனால் அரைகுறை. மென்பொருள் வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய கோளாறு ஒன்று வந்து, ஒரு மாற்றம் செய்து, அதற்குப் பிறகு கோளாறு வரவில்லை என்றால், "அந்த மாற்றத்தாலதான் சரியாச்சா, இல்ல வேற எதனாலயாவதா?" என்று கேட்டே ஆக வேண்டும். இந்தச் சண்டையைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அதே கேள்விதான் வந்தது. ரவுண்டைக் குறைத்ததால்தான் உயிர்கள் தப்பினவா?

இரண்டு இளைஞர்கள்

ரே மன்சினிக்கு அப்போது 21 வயது. ஒஹாயோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் ஊர்க்காரர். உருக்காலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு நொந்துபோயிருந்த ஊர் அது. அவருடைய அப்பா லென்னி மன்சினியும் குத்துச்சண்டை வீரர். 1940களில் லைட்வெயிட் உலகப் பட்டத்துக்கு மோதும் தூரத்தில் இருந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் போய்க் காயம்பட்டுத் திரும்பியதோடு அந்தக் கனவு முடிந்துபோனது. அப்பாவுக்குக் கிடைக்காததை மகன் வாங்கிக் கொடுத்தார். 1982 மே மாதம் ஆர்ட்டுரோ ஃப்ரியாஸை முதல் ரவுண்டிலேயே சாய்த்து, உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் (டபிள்யூபிஏ) லைட்வெயிட் பட்டத்தை வென்றார். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு இப்படி ஒரு கதை கிடைத்தால் விடுவார்களா? மன்சினி வீட்டுக்கு வீடு தெரிந்த முகம் ஆனார்.

கிம்முக்கு 23 வயது. கொரியாவின் கங்வோன் மாகாணத்தில் ஏழைக் குடும்பம். இரண்டு வயதில் அப்பாவை இழந்தவர். ஷூ பாலிஷ் போடுவது, சுற்றுலா வருபவர்களுக்கு வழிகாட்டுவது என்று கிடைத்த வேலையெல்லாம் செய்துவிட்டுக் குத்துச்சண்டைக்கு வந்தார். 1978-ல் தொழில்முறை வீரரானார். 1982 பிப்ரவரியில் கிழக்காசிய-பசிபிக் லைட்வெயிட் பட்டம் கிடைத்தது. மன்சினியைச் சந்திக்கும்போது அவர் கணக்கு 17 வெற்றி, 1 தோல்வி, 1 சமன். டபிள்யூபிஏ தரவரிசையில் முதலிடம். ஆனாலும் அமெரிக்காவில் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. சும்மா பேருக்கு ஓர் எதிராளி என்றுதான் பலர் நினைத்தார்கள்.

லைட்வெயிட் எல்லை 135 பவுண்டு, அதாவது சுமார் 61.2 கிலோ. அந்த எடைக்கு இறங்க கிம் ரொம்பவே பாடுபட்டார் என்பது பதிவாகியிருக்கிறது. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். ஹோட்டல் அறையின் விளக்குக் கூண்டில் அவர் கொரிய மொழியில் ஏதோ எழுதி வைத்திருந்ததைப் பத்திரிகையாளர்கள் பார்த்தார்கள். அதை ஆளுக்கு ஒரு விதமாக மொழிபெயர்த்தார்கள். வாழ்வா சாவா என்கிற அர்த்தம் மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது.

அந்தச் சண்டை

இடம் சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலின் திறந்தவெளி அரங்கம். நாள் சனிக்கிழமை. சிபிஎஸ் தொலைக்காட்சியில் நேரலை. "பேருக்கு ஓர் எதிராளி" என்ற எண்ணம் சீக்கிரமே காணாமல் போனது. இருவரும் நகராமல் நேருக்கு நேர் நின்று அடித்துக்கொண்டார்கள். மன்சினியின் இடது காது கிழிந்தது, இடது கண் வீங்கியது, இடது கையும் பெருத்துப்போனது.

பிற்பாதியில் மன்சினியின் கை ஓங்கியது. 11-வது ரவுண்டில் கிம்மின் முழங்கால் மடங்கியது. 13-வது ரவுண்டின் தொடக்கத்தில் மன்சினி தொடர்ச்சியாக 39 குத்துகள் விட்டார் என்று எண்ணிச் சொல்கிறார்கள். அப்போதும் கிம் விழவில்லை. அதே ரவுண்டின் முடிவில் திருப்பி அடித்தார்.

14-வது ரவுண்டு மணி அடித்ததுமே மன்சினியின் வலது கைக் குத்து கிம்மைப் பின்னுக்குத் தள்ளியது. அடுத்து விட்ட இடது கைக் குத்து தவறியது. அதற்கடுத்த வலது கைக் குத்து முழுசாக இறங்கியது. கிம் தூக்கி எறியப்பட்டதுபோல் விழுந்தார், தலை தரையில் மோதியது. கயிற்றைப் பிடித்து எப்படியோ எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் கிரீன் அவர் நிலையைப் பார்த்து உடனே சண்டையை நிறுத்தினார். ரவுண்டு தொடங்கி 19 வினாடிதான் ஆகியிருந்தது.

சில நிமிடங்களில் கிம் நினைவிழந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே ரத்தம் தேங்கி மூளையை நசுக்கிக்கொண்டிருந்தது. மருத்துவர்கள் இதை சப்ட்யூரல் ஹீமட்டோமா என்பார்கள். அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை. கொரியாவிலிருந்து அம்மா வந்து சேர்ந்தார். அந்த வாரம் முடிவதற்குள் கிம் இறந்துபோனார்.

துயரம் அதோடு நிற்கவில்லை. சில மாதங்களில் கிம்மின் அம்மா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1983 ஜூலையில் நடுவர் கிரீனும் அப்படியே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முகமது அலி - லாரி ஹோம்ஸ் சண்டைக்கு நடுவராக இருந்தவர் அவர், சாதாரண ஆள் இல்லை. கிம் இறந்தபோது அவருடைய காதலி கர்ப்பமாக இருந்தார். பிறந்த மகன் வளர்ந்து பல் மருத்துவரானார். 2011-ல் அம்மாவும் மகனும் அமெரிக்கா போய் மன்சினியைச் சந்தித்தார்கள். அது உங்கள் தவறு இல்லை என்கிற மாதிரியே அந்த மகன் பேசினார். மன்சினி அதற்காக ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் காத்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

15 என்ற எண் எங்கிருந்து வந்தது?

ரவுண்டு எண்ணிக்கை வானத்திலிருந்து விழுந்தது இல்லை. ஒருத்தர் விழும்வரை சண்டை என்பதுதான் பழைய ஏற்பாடு. 1906-ல் நெவாடாவின் கோல்ட்ஃபீல்டு என்ற சுரங்க ஊரில் ஜோ கான்ஸும் பேட்லிங் நெல்சனும் லைட்வெயிட் பட்டத்துக்காக 42 ரவுண்டு அடித்துக்கொண்டார்கள். 1915-ல் ஹவானாவில் ஜாக் ஜான்சனும் ஜெஸ் வில்லர்டும் மோதியபோது திட்டமிட்டது 45 ரவுண்டு. 26-வது ரவுண்டில் ஜான்சன் விழுந்ததால் அது அங்கேயே முடிந்தது.

1920-ல் நியூயார்க் மாநிலம் குத்துச்சண்டையை ஒழுங்குபடுத்த வாக்கர் சட்டம் கொண்டுவந்தது. அதில் உச்சவரம்பு 15. நியூயார்க்தான் அப்போது குத்துச்சண்டையின் தலைநகரம் என்பதால் அந்த எண் காலப்போக்கில் உலகப் பட்டத்தின் அளவாகவே ஆகிவிட்டது. ஆக, பாரம்பரியம் பாரம்பரியம் என்று 15-க்காக வருத்தப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 15-ம் ஒரு காலத்தில் குறைத்த எண்தான்.

12 ஆனது எப்படி?

கிம் இறந்து சில வாரங்களில், 1982 டிசம்பரில், உலகக் குத்துச்சண்டை கவுன்சில் (டபிள்யூபிசி) தன் பட்டப் போட்டிகள் இனி 12 ரவுண்டுதான் என்று அறிவித்தது. ஆனால் கிம் மோதியது டபிள்யூபிசி பட்டத்துக்கு இல்லை, போட்டி அமைப்பான டபிள்யூபிஏவின் பட்டத்துக்கு. அந்த டபிள்யூபிஏ 1987 வரை 15-ஐ விடவில்லை. ஐபிஎஃப் 1988 வரை விடவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1984 ஜூனில் மன்சினி தன் பட்டத்தை லிவிங்ஸ்டன் பிராம்பிளிடம் இழந்தார். எந்த ரவுண்டில் தெரியுமா? 14-வது ரவுண்டில். கிம் இறந்து ஒன்றரை ஆண்டு கழித்து, அதே பட்டம், அதே 15 ரவுண்டு ஏற்பாடு, அதே மன்சினி. இந்த முறை அடிவாங்கி நிறுத்தப்பட்டவர் அவர்.

வேறொரு காரணமும் சொல்வார்கள்: தொலைக்காட்சி. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரவுண்டு 3 நிமிடம், நடுவே 1 நிமிடம் ஓய்வு. 15 ரவுண்டு என்றால் 45 நிமிடச் சண்டை, 14 ஓய்வுகள், மொத்தம் 59 நிமிடம். 12 ரவுண்டு என்றால் 36-ம் 11-ம் சேர்ந்து 47. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் 59-ஐ வைத்தால் விளம்பரத்துக்கும் வீரர் அறிமுகத்துக்கும் இடமே இல்லை. 47 அழகாகப் பொருந்தும். இதுதான் உண்மைக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யாருக்கும் பணம் நஷ்டமாகாத, சிலருக்கு லாபமும் தருகிற சீர்திருத்தம் எளிதாக நிறைவேறும். இது எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

விதி வேலை செய்ததா?

முதலில் 12-க்கு ஆதரவான வாதம். கிம் விழுந்தது இன்றைக்கு இல்லாத ஒரு ரவுண்டில். 12-லேயே முடிந்திருந்தால் நடுவர்களின் புள்ளிகளை எண்ணி முடிவு சொல்லியிருப்பார்கள். மன்சினி அந்த 39 குத்துகளை விட்டிருக்கவே மாட்டார். உடம்பு தளர்ந்த பிறகு வாங்குகிற அடிதான் ஆபத்து என்பதும் நியாயமாகத்தான் படுகிறது.

எதிர்வாதம் கிம்முக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடமிருந்தே வருகிறது. ரத்தக்கசிவு புதியதாக இருந்தது, பலமான ஒரே குத்தால் வந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. அப்படியானால் அந்தக் குத்து 4-வது ரவுண்டிலும் விழலாம்.

ஒரு சம்பவத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது, தரவு வேண்டும். நல்லவேளையாக அது இருக்கிறது. மனுவேல் வெலாஸ்கெஸ் என்ற ஒரு தனிமனிதர் பல பத்தாண்டுகளாகக் குத்துச்சண்டை மரணச் செய்திகளைச் சேகரித்து வைத்தார். ஜோசப் ஸ்வின்த் என்ற ஆய்வாளர் அதை விரிவாக்கிப் பட்டியலாக்கினார். ஸ்வின்த்தும் சில நரம்பியல் அறுவை மருத்துவர்களும் சேர்ந்து எழுதிய ஆய்வு 2010-ல் 'நியூரோசர்ஜரி' இதழில் வந்தது. 1950 முதல் 2007 வரை தலைக்காயத்தால் இறந்த தொழில்முறை வீரர்களின் கணக்கு அது. மொத்தம் 339 பேர், சராசரி வயது 24. எடை குறைந்த பிரிவுகளில்தான் மரணம் அதிகம்.

1983-க்குப் பிறகு மரணங்கள் தெளிவாகக் குறைந்திருக்கின்றன. "பாத்தீங்களா, 12 ரவுண்டு விதி வேலை செஞ்சிருக்கு" என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. இந்தக் குறைவுக்கும் ரவுண்டைக் குறைத்ததற்கும் தொடர்பு காட்டும் ஆதாரம் தங்கள் தரவில் கிடைக்கவில்லை என்கிறார்கள். வீரர்கள் முன்பைவிடக் குறைவான சண்டைகளில் இறங்குவது, குறைந்த ஆண்டுகளே ஆடுவது, மருத்துவக் கண்காணிப்பு கூடியது, பாதுகாப்பு விதிகள் இறுகியது ஆகியவைதான் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

யோசித்தால் இது புரிகிறது. பெரும்பாலான தொழில்முறைச் சண்டைகள் 4, 6, 8, 10 ரவுண்டு சண்டைகள்தான். அவற்றில் இறந்தவர்களை 15-ஐ 12 ஆக்கிய விதி தொடவே இல்லை. கிம்முக்குப் பிறகு சத்தமில்லாமல் வந்த மற்ற மாற்றங்கள்தான் எல்லோரையும் தொட்டன. வெறும் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்து அனுப்பிய நிலை மாறி, இதயம், மூளை, நுரையீரல் எல்லாவற்றுக்கும் முன்பரிசோதனை வந்தது.

லண்டன், 1991

12 ரவுண்டு விதியின் எல்லையைக் காட்டிய சண்டை 1991 செப்டம்பர் 21 அன்று லண்டனின் ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்தில் நடந்தது. கிறிஸ் யூபேங்கும் மைக்கேல் வாட்சனும் டபிள்யூபிஓ சூப்பர் மிடில்வெயிட் பட்டத்துக்கு மோதினார்கள். 11-வது ரவுண்டின் கடைசியில் வாட்சன் யூபேங்கைக் கீழே தள்ளினார். எழுந்த யூபேங்க் கீழிருந்து மேலாக விட்ட ஒரே குத்தில் வாட்சன் விழுந்தார், கழுத்துப் பின்புறம் கயிற்றில் மோதியது. 12-வது ரவுண்டில் அரை நிமிடம்கூட ஆவதற்குள் நடுவர் நிறுத்தினார்.

வாட்சன் நினைவிழந்தபோது அவரிடம் மருத்துவர் வர ஏழெட்டு நிமிடம் ஆனது. அங்கே உயிர்காக்கும் கருவிகளோ அதில் பயிற்சி பெற்றவர்களோ தயாராக இல்லை. கொண்டுபோன முதல் மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவு இல்லாததால் இன்னொன்றுக்கு மாற்றினார்கள். 40 நாள் கோமா, ஆறு அறுவை சிகிச்சைகள். உயிர் பிழைத்தார், ஆனால் வாழ்நாள் ஊனத்தோடு.

அவர் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின் மீது வழக்குப் போட்டார். தன்னைக் குத்திய எதிராளி மீது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காயம் விளையாட்டின் பகுதி, சரி. ஆனால் காயம் பட்டவுடன் தர வேண்டிய சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யாதது விதி எழுதுகிறவர்களின் தவறு என்பது அவர் தரப்பு. 1999-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2000 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒழுங்குமுறை அமைப்புகளின் பொறுப்பு பற்றிச் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிற வழக்கு இது. 2003-ல் வாட்சன் லண்டன் மாரத்தான் தூரத்தை ஆறு நாட்களில் நடந்து முடித்தார்.

தீர்ப்புக்கு முன்பே பிரிட்டனில் ஏற்பாடுகள் மாறத் தொடங்கின. 1995-ல் நைஜல் பென்னோடு மோதிய ஜெரால்டு மெக்லெல்லன் 10-வது ரவுண்டுக்குப் பிறகு நிலைகுலைந்தபோது, மயக்கவியல் மருத்துவர் பக்கத்திலேயே இருந்தார். மூளை அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோனார்கள். அவருக்குப் பார்வை போய்விட்டது, ஆனால் உயிர் போகவில்லை. கிம், வாட்சன், மெக்லெல்லன் மூவருக்கும் மூளையில் ரத்தம்தான். இந்தக் காயத்தில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அந்த நிமிடங்களை ரவுண்டு எண்ணிக்கையால் மீட்க முடியாது.

தொடாமல் விட்ட எடை

எடைக்கு இறங்க கிம் பாடுபட்டார் என்று முன்னால் சொன்னேன் அல்லவா? உடம்பிலிருந்து தண்ணீரை வற்றவைத்துத்தான் வீரர்கள் கடைசி சில கிலோக்களைக் குறைக்கிறார்கள். வற்றிய உடம்போடு சண்டைக்கு வருவது ஆபத்து என்பதால், எடை பார்ப்பது சண்டைக்கு முந்தைய நாளுக்கு மாறியது. மீண்டும் தண்ணீர் ஏற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

இங்கேதான் எங்கள் தொழிலில் அடிக்கடி பார்க்கிற விஷயம் நடந்தது. ஒரு பக் சரியானது, இன்னொன்று முளைத்தது. ஒரு நாள் அவகாசம் இருக்கிறது என்பதால் வீரர்கள் இன்னும் அதிகமாகக் குறைக்கத் துணிந்தார்கள். 2000 பிப்ரவரியில் ஜோயி கமாஷோடு மோதிய ஆர்ட்டுரோ கட்டி எடை பார்க்கும்போது 141 பவுண்டு. மறுநாள் மேடையேறும்போது தொலைக்காட்சிக்காரர்கள் தராசில் 160. கமாஷ் இரண்டாவது ரவுண்டிலேயே சாய்ந்தார், மூளைக் காயத்தோடு அவர் ஆட்டம் முடிந்துபோனது. இரண்டே ரவுண்டு! ஐபிஎஃப் மட்டும் தன் பட்டப் போட்டிகளில் சண்டை நாள் காலையில் மறுபடி எடை பார்த்து, 10 பவுண்டுக்கு மேல் ஏறக் கூடாது என்று வைத்திருக்கிறது. மற்ற அமைப்புகள் இதில் அவ்வளவு கறாராக இல்லை.

ஆக

12 ரவுண்டு விதி வீண் என்பது என் முடிவு இல்லை. யாரும் மறுபடி 15-க்குப் போக வேண்டியதும் இல்லை. ஆனால் கிம்முக்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டோம் என்ற நிம்மதியை அந்த எண் நமக்குக் கொடுத்துவிட்டது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. 2005-ல் லாஸ் வேகாஸிலேயே லெவாண்டர் ஜான்சன் 11-வது ரவுண்டில் நிறுத்தப்பட்ட பிறகு இறந்தார். அவரும் லைட்வெயிட் சாம்பியன்தான். 2019-ல் மாக்ஸிம் டடாஷேவை அவர் பயிற்சியாளர் பட்டி மெக்கர்ட் 11-வது ரவுண்டோடு கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினார். இன்னும் ஆடுகிறேன் என்றுதான் டடாஷேவ் தலையாட்டினார். அவரும் பிழைக்கவில்லை.

ரவுண்டு எண்ணிக்கை போஸ்டரிலேயே தெரியும், அதை மாற்றினால் உலகத்துக்கே தெரியும். மேடைக்குப் பக்கத்தில் மயக்கவியல் மருத்துவர் இருக்கிறாரா, ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நிற்கிறது, மூளை அறுவை செய்கிற மருத்துவமனை எத்தனை நிமிடத் தூரம், வீரர் கடைசி நாளில் எத்தனை கிலோ இறக்கினார் என்பதெல்லாம் எந்தப் போஸ்டரிலும் இருக்காது. அடுத்த கிம் பிழைப்பாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கிறது.